டோனி ரைஸ் யார் பக்கம்? புளூகிராஸ் கிட்டார், மேண்டலின், விரல் வேகம்: ஒரு சண்டை

பழையரேடியோ (வெள்ளி, இரவு 9:12)

இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் கிட்டார் வாசிக்கிறவர்கள். அடி விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒரு மாதமாக என் போன் எனக்குக் காட்டுவதெல்லாம் ஒரே மாதிரி வீடியோ. ஒரு பையன், ஒரு மார்ட்டின் கிட்டார், ஓரத்தில் மெட்ரோனோம் எண், நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று. 120, 140, 160. கீழே வரிசையாகக் கைதட்டல். முப்பது நொடி முடிந்ததும் அடுத்த பையன். என்ன பாட்டு வாசித்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

என் கட்சி இது: புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசையும் அதன் வாரிசுகளும் 1977-இல் தடம் மாறின. அந்த வருஷம்தான் மேண்டலின்காரர் டேவிட் கிரிஸ்மனின் ஐவர் குழுவான குவின்டெட்டின் முதல் ஆல்பம். பான்ஜோ இல்லை, பாடகர் இல்லை. இரண்டு மேண்டலின், ஒரு ஃபிடில் (வயலின்தான்), ஒரு பேஸ், டோனி ரைஸின் கிட்டார். வாசிப்பு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் திறந்த கதவு வழியாகத்தான் இந்த ஓட்டப்பந்தயக் கூட்டம் முழுக்க உள்ளே வந்தது. அதற்கு முன்னால் டாக் வாட்சன் வாசித்தார். அவரும் வேகமாகத்தான். ஆனால் அவர் கிட்டாரில் பாட்டின் சொற்கள் காதில் விழும். பார்வையில்லாத ஒரு மனிதர் வட கரோலினா மலையில் உட்கார்ந்து உங்களுக்குக் கதை சொல்வது போல இருக்கும். இப்போது வருகிறவர்கள் கதை சொல்வதில்லை, தட்டச்சுப் பரீட்சை எழுதுகிறார்கள்.

மூணாம்ஃபிரெட் (வெள்ளி, இரவு 9:40)

சார், வரலாறைத் தலைகீழா மாட்டிட்டீங்க.

மேண்டலின்காரர் பில் மன்ரோ 1939-ல கிராண்ட் ஓல் ஆப்ரிங்கற நாஷ்வில் ரேடியோ மேடைக்கு வந்தப்ப, அந்த மேடையில வேற யாரும் அந்த வேகத்துல வாசிச்சது இல்ல. சுருதியையும் பி-ஃபிளாட், பி-ன்னு ஏத்தி வெச்சுத் தொண்டை கிழியப் பாடுவார். புளூகிராஸ்ங்கற பேரே அவரோட புளூ கிராஸ் பாய்ஸ் பேண்டுல இருந்து வந்ததுதான். 1945 டிசம்பர்ல ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பான்ஜோவைத் தூக்கிட்டுச் சேர்ந்ததும் கேக்கவே வேணாம். அப்ப கிட்டார் லெஸ்டர் ஃபிளாட். அந்த வேகத்துக்கு கை ஈடு கொடுக்காம, வரி முடியுற இடத்துல குட்டியா ஒரு ஜி ரன், அதாவது ஜி கார்டுல முடியுற ஒரு சின்ன நோட்டு ஓட்டம், போட்டு வந்து சேர்ந்துக்குவார்னு சொல்வாங்க. இன்னைக்கு புளூகிராஸ் கிட்டார் கத்துக்குற ஒவ்வொருத்தனும் முதல் வாரம் பழகுற அந்த ரன், ஓடுற பஸ்ஸைத் தொத்திப் பிடிக்கப் பிறந்த ஒண்ணு. அதாவது வேகம் 1977-ல வரல. பிறக்கும்போதே கூட வந்துச்சு.

அடுத்து உங்க டாக் வாட்சன். மலை, மண், மரக் கிட்டார்னு படம் ஓட்டுறீங்க. 1950-கள்ல அவர் ஊர் டான்ஸ் பேண்டுல வாசிச்சது லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார், சார். அந்த பேண்டுல ஃபிடில் ஆள் கிடையாது. ஸ்கொயர் டான்ஸுக்கு ஃபிடில் மெட்டு இல்லாம முடியாது. அதனால ஃபிடில் மெட்டையெல்லாம் கிட்டார்லயே பிக் (மீட்டுற சின்னத் தகடு) வெச்சு வாசிச்சுப் பழகினார். அப்புறம் அறுபதுகள்ல நாட்டுப்புற இசைக் கூட்டம் தேடி வந்தப்பதான் மரக் கிட்டாருக்குத் திரும்பினார். ஃபிளாட்பிக்கிங்னு, அதாவது அப்படி பிக்கால மெட்டு வாசிக்கறதுன்னு, நாம கும்பிடுற சங்கதியில பாதி ஒரு ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல உருவானது.

பழையரேடியோ (வெள்ளி, இரவு 10:05)

நன்றி. என் வாதத்தை நீங்களே பலப்படுத்திவிட்டீர்கள். டாக் வேகமாக வாசித்தது எதிரே ஆடுகிறவர்களின் காலுக்காக. கால் கேட்கிற வேகம் அது. கால் தடுக்கினால் கிட்டார்காரருக்கு உடனே தெரியும். கிரிஸ்மன் கச்சேரியில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வேகம் யாருக்காக? கண்ணாடி பார்க்கவா?

மூணாம்ஃபிரெட் (வெள்ளி, இரவு 10:11)

மன்ரோ கச்சேரியிலயும் எல்லாரும் நாற்காலியிலதான் இருந்தாங்க! புளூகிராஸ் முதல் நாள்ல இருந்தே ரேடியோவுக்கும் மேடைக்கும் செஞ்ச இசை. டான்ஸ் மியூசிக் அதுக்கு முந்தின தலைமுறை, மன்ரோவோட மாமா பென் வாண்டிவர் ஃபிடில் வாசிச்ச காலம். அந்த மாமாகிட்டயும், ஆர்னால்டு ஷல்ட்ஸ்னு ஒரு கறுப்பினக் கிட்டார்காரர்கிட்டயும் சின்ன வயசுல கேட்டதைத்தான் மன்ரோ ரேடியோவுக்கு ஏத்த மாதிரி முறுக்கிக் கொடுத்தார். ஷல்ட்ஸ் 1931-லயே செத்துட்டார். தூய மலை இசைன்னு யாராவது சொன்னா நான் முதல்ல அவர் பேரைத்தான் எடுப்பேன்.

பழையரேடியோ (வெள்ளி, இரவு 10:20)

தூய்மை என்ற சொல்லை நான் எங்கேயும் எழுதவில்லை. நாற்காலி விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

கமகம்72 (சனி, காலை 6:50)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்கிறவன். மேண்டலின் என்றால் எனக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான். நேற்று நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு பில் மன்ரோ, கிரிஸ்மன், கிறிஸ் தீலி மூவரையும் ஆளுக்கு அரை மணி கேட்டேன். ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். ஏன் எல்லாரும் நோட்டின் தலையில் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள்? ஒரு ஸ்வரத்தில் நின்று அசைக்கவே மாட்டார்களா? நிற்க வேண்டிய இடத்தில் டிரெமலோ என்று ஒன்று போடுகிறார்கள், தந்தி அடிக்கிற மாதிரி இருக்கிறது. அந்தத் தந்தி ஆபீஸ் தந்தியைச் சொல்கிறேன்.

செண்பகம் (சனி, காலை 8:30)

கமகம் சார், கோபமெல்லாம் இல்லை. கருவியை மடியில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்த எலெக்ட்ரிக் மேண்டலின். ஒற்றைத் தந்தி என்பதால் இழுக்கலாம், வளைக்கலாம். எலெக்ட்ரிக் என்பதால் ஒருமுறை மீட்டினால் நாதம் நிற்கும். அந்த இரண்டும் இருந்ததால்தான் அவரால் தோடியை அதில் உட்கார வைக்க முடிந்தது.

புளூகிராஸ் மேண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. சுருதி வயலின் மாதிரியே ஜி, டி, ஏ, ஈ. அதனால்தான் தீலி 2013-இல் ஐரோப்பிய இசைமேதை பாக் வயலினுக்கு எழுதியதை அப்படியே மேண்டலினில் ஒரு ஆல்பமாகப் பதிய முடிந்தது. ஆனால் தந்தியின் நீளம் வெறும் 35 செ.மீ. அந்தக் குட்டை நீளத்தில் ஒரு ஜோடி ஸ்டீல் தந்தியை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வளைத்துப் பாருங்கள், இரண்டில் ஒன்று முதலில் போகும், மற்றது பின்னால் வரும், அபஸ்வரம். விரல் நுனி பிளந்ததுதான் மிச்சம். மீட்டின ஓசை சட்டென்று செத்தும் போகும். அதை உயிரோடு வைத்திருக்கத்தான் டிரெமலோ. அசைவு வேண்டும் என்றால் கீழ் ஃபிரெட்டிலிருந்து சறுக்கி வருவார்கள், அல்லது மன்ரோ மாதிரி எல்லா நோட்டையும் மேலிருந்து கீழே அடித்து முரட்டுத்தனமாக நிற்க வைப்பார்கள். அது அவர்களுடைய அழுத்தம்.

பழையரேடியோ சாருக்கும் மூணாம்ஃபிரெட் தம்பிக்கும் சேர்த்து ஒன்று. இரண்டு பேரும் சோலோவைப் பற்றி மட்டுமே சண்டை போடுகிறீர்கள். மூன்று நிமிஷப் பாட்டில் மேண்டலின்காரருக்குக் கிடைக்கிற சோலோ இருபது நொடி, மிஞ்சினால் நாற்பது. மீதி நேரம் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது வகுப்பு இருக்கிறது.

ராலே_சீனி (சனி, காலை 9:15)

அக்கா சொன்னதுக்கு என்கிட்ட ஒரு தழும்பே இருக்குங்க.

2013-ல இருந்து 2024 வரைக்கும் உலக புளூகிராஸ் மாநாடு எங்க ஊர், வட கரோலினா ராலேலதான் நடந்துச்சு. பகல்ல மேடைக் கச்சேரி. ராத்திரி ஆனா ஓட்டல் வராந்தா, லிஃப்ட் வாசல், மாடிப்படி, எங்க பார்த்தாலும் அஞ்சு பேர் வட்டமா நின்னு வாசிச்சுட்டு இருப்பாங்க. யார் வேணாலும் போய் நிக்கலாம். ஒரு வருஷம் நானும் மேண்டலினைத் தூக்கிட்டுப் போனேன். ஆறு மாசம் வீட்டுல உக்காந்து ஒரே ஒரு ஃபிடில் மெட்டை 130 வரைக்கும் ஏத்தி வெச்சிருந்தேன். மனசுக்குள்ள ஒரே கெத்து.

ராத்திரி ஒரு மணி இருக்கும். அந்த வட்டத்துல ஒரு பெரியவர், எழுபது வயசு சொல்லலாம், கிட்டாரை நெஞ்சுக்கு மேல உயர்த்திக் கட்டியிருந்தார். நான் பழகின மெட்டையே ஆரம்பிச்சாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல. அவர் புருவத்தைத் தூக்கினார், உன் முறைன்னு அர்த்தம். நான் கண்ணை மூடிட்டு ஓட்டுனேன். ஒரு நோட்டு தப்பலைங்க. முடிச்சுட்டுக் கண்ணைத் திறந்தா எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க, ஆனா பேஸ்காரர் மட்டும் என்னைப் பார்க்காம தரையைப் பார்த்துட்டு இருந்தார். நான் ஓட்டுன ஓட்டத்துல மொத்த வட்டத்தையும் வேகமா இழுத்துட்டேன். அவங்க அஞ்சு பேரும் பாட்டைக் கவிழாம தாங்கிப் பிடிச்சுட்டு இருந்திருக்காங்க.

பாட்டு முடிஞ்சதும் பெரியவர் பக்கத்துல வந்து, அடுத்த மூணு பாட்டுக்கு சோலோ வேண்டாம், சாப் மட்டும் போடு, என் வலது கையைப் பார்த்துட்டே போடுன்னார். போட்டேன். மூணாவது பாட்டு நடுவுலதான் பேஸ்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கிடைச்ச பெரிய கைதட்டல் அதுதாங்க.

பழையரேடியோ (சனி, காலை 9:31)

சீனி தம்பி, இதை அப்படியே என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

ராலே_சீனி (சனி, காலை 9:33)

எடுத்துக்கோங்க, ஆனா அந்தப் பெரியவர் அன்னைக்கு ராத்திரி வாசிச்ச வேகத்தைக் கேட்டிருந்தா நீங்க ரூமுக்கே போயிருப்பீங்க.

மூணாம்ஃபிரெட் (சனி, காலை 11:02)

😂😂 சார் காலி.

செண்பகம் (சனி, மாலை 6:10)

வந்துவிட்டேன். சாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாலு ஜோடித் தந்தியையும் ஒரு கார்டில் பிடித்து, பிக்கால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டிய உடனே இடது கை விரலைத் தளர்த்தி ஓசையை அடைத்துவிடுவது. வருவது சுரம் இல்லை, "ச்சக்". புளூகிராஸில் டிரம்ஸ் கிடையாது. பேஸ் "தும்" போடுகிற இடைவெளியில் மேண்டலின் "ச்சக்" போடும். மேண்டலின்தான் அங்கே ஸ்னேர் டிரம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மெட்ரோனோம் 140, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேஸ். அப்படியானால் நிமிஷத்துக்கு 140 சாப். மூன்று நிமிஷப் பாட்டில் சோலோ இருபது நொடியைக் கழித்தால் 370-க்கும் மேலே. ஒவ்வொன்றும் இரண்டு பேஸுக்கு நட்டநடுவே விழ வேண்டும். மயிரிழை முந்தினால் பாட்டு பதறும், பிந்தினால் தூங்கும். சோலோ வரும்போது அதே 140-இல் தட்டுக்கு நாலு நோட்டு, அதாவது நொடிக்கு ஒன்பதுக்கு மேலே. வீடியோவில் எல்லாரும் பார்ப்பது இந்த ஒன்பதை. சீனி தம்பியைக் கவிழ்த்தது அந்த 370.

கிட்டாருக்கும் இதே கதைதான். வலது கை கடிகார ஊசல் மாதிரி. தட்டில் கீழே, எதிர்த்தட்டில் மேலே. நடுவில் ஒரு நோட்டு வாசிக்க வேண்டாம் என்றாலும் கை நிற்காது, தந்தியைத் தொடாமல் காற்றில் போய்விட்டு வரும். மாணவர்களிடம் நான் முதல் மூன்று மாதம் இதை மட்டும்தான் கேட்பேன். இடது கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிராஸ்பிக்கிங் என்று ஒன்று உண்டு. ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் 1950-களில் பான்ஜோ உருளுகிற மாதிரி மேண்டலினில் வர வேண்டும் என்று உண்டாக்கினது. மூன்று தந்தி மேல் பிக் ஏறி இறங்கும், எட்டு நோட்டை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து. கமகம் சாருக்கு இது உடனே பிடிபடும்: தகிட தகிட தக. தாளம் நாலில் நடந்துகொண்டிருக்க, மேலே இது எதிர்நடை போடும். கையில் பிக் ஒன்றுதான், கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். இதில் வித்தை இருக்கிறதா? இருக்கிறது. வேகம் இருக்கிறதா? நூறில்கூட அழகாக இருக்கும்.

கமகம்72 (சனி, மாலை 6:25)

தகிட தகிட தக என்றதும் காது திறந்துவிட்டது. காலையில் கேட்டதையே மறுபடி போட்டுவிட்டேன். நன்றி அம்மா.

மூணாம்ஃபிரெட் (சனி, இரவு 8:47)

செண்பகம் மேடம் சொன்னதுல ஒரு எழுத்து மறுக்க மாட்டேன். ஆனா சார் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது: 1977 கெடுத்துச்சா இல்லையா?

நான் டோனி ரைஸை வெச்சே பதில் சொல்றேன். 1975-ல பான்ஜோக்காரர் ஜே.டி. குரோ பேண்டோட ரைஸ் பதிஞ்ச ஆல்பத்தை புளூகிராஸ் ஆளுங்க இன்னைக்கும் ரவுண்டர் 0044-ன்னு கேட்டலாக் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அந்த உச்சத்துல இருக்கும்போதே அவர் கலிஃபோர்னியா போய் கிரிஸ்மனோட சேர்ந்தார். அங்க கிரிஸ்மன் எழுதுன கார்டெல்லாம் புளூகிராஸ் ஆளுக்குப் புதுசு, ஜாஸ் வாசனை. ஜான் கார்லினிங்கற கிட்டார்காரர்கிட்ட உக்காந்து கார்டு தியரி கத்துக்கிட்டார். அந்த பேண்டுல பாட்டே இல்ல. 1979-ல வெளிய வந்து மறுபடி பாடத் தொடங்கினப்ப, பின்னணியில அந்தக் கிட்டாரைக் கேளுங்க. அந்தப் படிப்பு இல்லாம அந்தக் கை இல்ல. நீங்க உருகுற ரைஸ் பாட்டு எல்லாத்துக்கும் அடியில, நீங்க திட்டுற கிரிஸ்மன் இருக்கார்.

பழையரேடியோ (சனி, இரவு 9:30)

இதற்குத்தான் காத்திருந்தேன். டோனி ரைஸ் என் ஆள். உங்களிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்களே சொல்கிறீர்கள், அவர் வெளியே வந்தார் என்று. ஏன் வந்தார்? பாடுவதற்கு. 1983-இல் வந்த அவருடைய தனி ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கிட்டார். சில பாட்டுகளில் மட்டும் தம்பி வயாட் ரிதம் வாசிக்கிறார். அதில் கிட்டார் ஒருமுறைகூடக் குரலின் காலை மிதிக்காது. பாடகர் மூச்சு எடுக்கும் சந்தில் நாலு நோட்டு, குரல் திரும்பி வந்ததும் திண்ணையில் ஒதுங்கிக்கொள்ளும். அவ்வளவு வேகம் கையில் இருந்தும் வாசிக்காமல் விட்ட நோட்டுகளால் ஆன ஆல்பம் அது.

1994-இல் அவருக்குத் தொண்டை போயிற்று. அதற்கப்புறம் மேடையில் பாடவே இல்லை. கிட்டார் மட்டும் இன்னும் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. அந்தக் காலத்துக் கச்சேரிப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: பாட வேண்டிய வரியைத்தான் விரலால் வாசிக்கிறார். 2020 கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார். அவரை வைத்து மெட்ரோனோம் பையன்களுக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

மூணாம்ஃபிரெட் (சனி, இரவு 9:52)

மெட்ரோனோம் பசங்களுக்கு நான் எங்க சார் வக்காலத்து வாங்கினேன்? அவங்க எனக்கும் அலர்ஜிதான். நீங்க ஆரம்பிச்சது 1977-ஐத் திட்டி. அதுக்குத்தான் பதில்.

வேற ஒண்ணு. ரைஸோட கையைப் பத்திப் பேசறோம், அந்தக் கை யாரோடதுன்னு பார்க்கணும். கலிஃபோர்னியால சின்னப் பையனா இருக்கும்போது அவர் வாய் பிளந்து பார்த்தது கிளாரன்ஸ் வைட்டை. கென்டக்கி கர்னல்ஸ் பேண்டு, 1964 ஆல்பம். கிளாரன்ஸ் வேகமா வாசிக்கறதை விட தட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒளிஞ்சு விளையாடுவார். வரியைத் தட்டுல தொடங்கவே மாட்டார். கேக்கறவன் இவ்வளவுதான் ஆள் தடுக்கிட்டான்னு நினைக்கிற நேரத்துல பூனை மாதிரி நாலு கால்ல வந்து நிப்பார். 1973-ல, 29 வயசுல, கச்சேரி முடிஞ்சு சாமான் ஏத்திட்டு இருந்தப்ப ஒரு குடிகார டிரைவர் கார் அடிச்சுப் போயிட்டார். 1975-ல ரைஸ் அவரோட பழைய 1935 மார்ட்டின் டி-28-ஐத் தேடிப் பிடிச்சு 550 டாலருக்கு வாங்கினார். அந்தக் கிட்டார்தான் நீங்க உருகுற ஆல்பம் பலதுலயும்.

செண்பகம் (சனி, இரவு 10:15)

அந்த டி-28 பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அதன் ஒலித்துளை வழக்கத்தை விடப் பெரிது. ரைஸ் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ அகலப்படுத்தியது. துளை பெரிதானால் அடிச்சுருதியின் உருமல் குறையும், நோட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய புளூகிராஸில் கிட்டார் அடக்கமாக இருந்தது ரசனையால் என்று பழையரேடியோ சார் நினைக்கிறார். இல்லை. 1940-களில் ஒரே மைக். ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்று, முறை வந்தவர் முன்னால் நுழைந்து வாசித்துவிட்டு விலக வேண்டும். பான்ஜோவுக்குப் பக்கத்தில் கிட்டார் சோலோ வாசித்தால் கொட்டுமேளத்துக்குப் பக்கத்தில் ரகசியம் பேசுவது மாதிரி. கேட்காது. கேட்கிற அளவுக்கு மைக்கும் மேடையும் வந்த பிறகுதான் கிட்டார் வாயைத் திறந்தது. அடக்கம் என்று நீங்கள் பாராட்டுவதில் பாதி, வாயைப் பொத்தி வைத்திருந்தது.

பழையரேடியோ (சனி, இரவு 10:24)

இது கொஞ்சம் உறைக்கிறது. யோசிக்கிறேன்.

ஆனால் மேண்டலினுக்கு இந்தச் சாக்கு கிடையாதே. அது எப்போதுமே கேட்டது.

ராலே_சீனி (சனி, இரவு 10:40)

கேக்காம என்னங்க. மன்ரோ கையில இருந்தது கிப்சன் எஃப்-5, கிப்சன் கம்பெனி இன்ஜினியர் லாயிட் லோர் கையெழுத்துப் போட்டது, தேதி 1923 ஜூலை 9. மயாமியில ஒரு சலூன்ல விலைக்கு வெச்சிருந்ததைப் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார்னு சொல்வாங்க. முடி வெட்டற சலூன்ங்க, குடிக்கிற இடம் இல்ல. அதே காலத்து லோர் மேண்டலின் இன்னைக்கு லட்சம் டாலருக்கு மேல போகுது. 1985-ல யாரோ அவர் வீட்டுக்குள்ள பூந்து, கணப்படுப்பு கிளறுற இரும்புக் கம்பியால அதை அடிச்சு நொறுக்கிட்டாங்க. கிப்சன் ஆளுங்க சில்லு சில்லாப் பொறுக்கி ஒட்டிக் கொடுத்தாங்க. அதையே சாகுற வரைக்கும் வாசிச்சார். ஒட்டின மேண்டலின்லயும் அதே "ச்சக்" வந்துச்சு.

சண்டைக்கு சம்பந்தம் இல்லைதான், சொல்லாம இருக்க முடியல.

கமகம்72 (சனி, இரவு 10:44)

சம்பந்தம் இல்லாத பதிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மூணாம்ஃபிரெட் (ஞாயிறு, காலை 10:20)

சார், ஒரு நேர் கேள்வி. இந்தக் காலத்துக் கிட்டார்காரர் பில்லி ஸ்ட்ரிங்ஸ் கேட்டிருக்கீங்களா?

பழையரேடியோ (ஞாயிறு, காலை 10:45)

கேட்டேன். காலுக்கடியில் வரிசையாக எஃபெக்ட் பெடல், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரே பாட்டு, இருட்டில் கலர் விளக்கு. இதற்குப் பெயர் புளூகிராஸ் என்றால் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் ஜெனரேட்டரும் புளூகிராஸ்தான்.

மூணாம்ஃபிரெட் (ஞாயிறு, காலை 10:58)

2019 ஆல்பத்துக்கு கிராமி கொடுத்தது புளூகிராஸ் பிரிவுலதான் 😏

இருக்கட்டும். அவர் மிச்சிகன்ல ஒரு சின்ன ஊர்ல வளர்ப்பு அப்பாகிட்ட கிட்டார் கத்துக்கிட்டவர். அந்த வீட்டுல ஓடினது டாக் வாட்சன் பாட்டு. இருபது வயசுப் பசங்க பெரிய உள்ளரங்கத்துல டிக்கெட் வாங்கி வந்து நிக்கிறாங்க, அவங்க முன்னாடி டாக் வாட்சன் வாசிச்ச மெட்டு போகுது. உங்க ஆளை அந்தப் பசங்க காதுக்குக் கொண்டு போனது நீங்களா நானா, இல்ல அந்த ஜெனரேட்டரா?

பழையரேடியோ (ஞாயிறு, காலை 11:30)

2022-இல் அந்த அப்பாவோடு சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார் அல்லவா, அது நன்றாக இருந்தது. பெடல் இல்லை, பந்தயம் இல்லை. அப்பா பாடுகிறார், பையன் தாங்குகிறான். அதுவரைக்கும் தருகிறேன். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

செண்பகம் (ஞாயிறு, மதியம் 12:05)

இரண்டு நாளாக ஆண்கள் பெயராகவே ஓடுகிறது, கவனித்தீர்களா? சியரா ஹல் 2016-இல் மேண்டலினுக்கும், மாலி டட்டில் 2017-இல் கிட்டாருக்கும் சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் அந்தந்த ஆண்டு விருதை வாங்கினார்கள். இரண்டு பிரிவிலும் அதுதான் முதல் பெண். விருது 1990-இல் தொடங்கியது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பழையரேடியோ சார், உங்களுக்கு ஹல் பிடிக்கும். அவர் மெல்ல வாசிக்கும்போது ஒரு நோட்டின் முடிவை எப்படி மூடுகிறார் என்று பாருங்கள். நான் என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

ஒரு பந்தயம். ரைஸும் மேண்டலினும் சேர்ந்து வருகிற ஏதாவது ஒரு வேகமான பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோலோவைக் கேட்காதீர்கள். சாப்பை மட்டும் எண்ணுங்கள், ஒன்று, இரண்டு என்று. கடைசிவரை எண்ணி முடித்துவிட்டு வந்து 1977 பற்றிப் பேசுங்கள்.

மூணாம்ஃபிரெட் (ஞாயிறு, மதியம் 12:09)

நானும் பண்றேன் மேடம்.

பழையரேடியோ (திங்கள், இரவு 9:50)

எண்ணினேன். மூன்று தடவை தோற்றேன்.

முதல் தடவை கிட்டார் சோலோ வந்ததும் வாய் பிளந்து எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை ஒழுங்காக 112 வரை வந்தேன். திடீரென்று சாப் நின்றுவிட்டது. பார்த்தால் மேண்டலின்காரர் சோலோவுக்குப் போய்விட்டார். சரி, ஆள் போனதும் பாட்டு நொண்ட வேண்டுமே, நொண்டவில்லை. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ரைஸின் கிட்டார், அதுவரை பேஸோடு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த "ச்சக்" விழ வேண்டிய இடத்தில் ஒரு அடி போட ஆரம்பித்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, கண்ணைக்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள். மேண்டலின் திரும்பி வந்த அதே தட்டில் கிட்டார் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைதியாகிவிட்டது. முப்பது வருஷமாகக் கேட்கிற பாட்டு. இதுவரை என் காதில் இது விழுந்ததே இல்லை.

மூணாம்ஃபிரெட் (திங்கள், இரவு 9:58)

எந்தப் பாட்டு சார்? எந்த ஆல்பம்? கிரிஸ்மனா? கிரிஸ்மன்தானே?

பழையரேடியோ (திங்கள், இரவு 10:02)

சொல்ல மாட்டேன்.

மூணாம்ஃபிரெட் (திங்கள், இரவு 10:03)

கிரிஸ்மன்தான்!!! 😂😂😂

பழையரேடியோ (திங்கள், இரவு 10:10)

அந்த மேண்டலின் சோலோ மட்டும் பாதி நீளம் இருந்திருந்தால் போதும். அதில் மாற்றமில்லை.